ஏழாம் எண் பேருந்து

மார்ச் 3
மாநாட்டுக்கு இன்னும் மூன்று வாரம். வெளிநாட்டு விருந்தினர்களுக்கான பயணக் குறிப்பை இன்று தொடங்கினேன். விமான நிலையத்திலிருந்து எந்தப் பேருந்து, சிம் கார்டு எங்கே வாங்குவது, டாக்சிக்காரர் ஊரைச் சுற்றிக்காட்டினால் யாரிடம் புகார் சொல்வது — எல்லாம். எந்தப் பேருந்தையும் நானே ஏறிப் பார்க்காமல் எழுதியதில்லை. மூன்று வருடமாக இதே வேலை, இன்னும் தற்காலிகம்தான். மாநாடு முடிந்ததும் எங்களில் ஒருத்தியை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். நானா, ஆறு மாதம் முன்பு வந்த எதிர் மேசைக்காரியா?

மார்ச் 6
இழுப்பறையில் தாள்கள் வைத்தபடி இல்லை. இரண்டாம் பக்கம் மேலே கிடந்தது. நான் அப்படி வைப்பவளா?

மார்ச் 7
பிடித்துவிட்டேன்! சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் திரும்பினால், எதிர் மேசைக்காரி என் தாள்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். "உங்க கையெழுத்து அழகா இருந்துச்சு, அதான்" என்று ஒரு சிரிப்பு. யார் காதில் பூச்சுற்றுகிறாள்? அப்புறம் மேலாளர் அறையில் அரைமணி நேரம் பேச்சு. நான் உள்ளே போனதும் இரண்டு பேரும் கப்சிப்.

வீட்டில் சொன்னால் இவர், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்கிறார். இவருக்கென்ன, நிரந்தர வேலைக்காரர். நாளைக்கே இழுப்பறைக்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும்.

மார்ச் 10
பூட்டைவிட நல்ல வழி கிடைத்துவிட்டது. மாநாட்டு அரங்குக்குப் போவது 12-ஆம் எண் பேருந்து. இழுப்பறையில் இருக்கும் தாளில் மட்டும் 7 என்று மாற்றி எழுதினேன். 7 போவது ஊர்க்கோடியில் இருக்கும் பேருந்துப் பணிமனைக்கு. சரியான தாள் என் பையில். அவள் அதைத் தன்னுடையதாகக் காட்டட்டும். "ஏம்மா, அந்த பஸ்ல ஏறிப் பாத்தியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பேன்.

மார்ச் 12
காய்ச்சல். விடுப்பு.

மார்ச் 13
அவள் ஃபோன் செய்தாள். "நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா. குறிப்பை நான் பாத்துக்கறேன்." பார்த்துக்கொள்வாளாம்!

மார்ச் 17
நான் இல்லாதபோதே இழுப்பறையிலிருந்து எடுத்து, தட்டச்சு செய்து, எல்லா விருந்தினர்களுக்கும் அனுப்பிவிட்டாள். நான் மாற்றி எழுதிய 7-ஆம் எண்ணும் அதோடு போய்விட்டது. ஒரு திருத்தம் அனுப்பச் சொல்லலாம். சொன்னால் அவளைக் காப்பாற்றியதாகிவிடாதா? வாயை மூடிக்கொண்டேன். வெள்ளம் அவள் தலைக்கு மேல் போகட்டும்.

மார்ச் 24
தொடக்க நாள். காலை எட்டு மணிக்கு என் கைப்பேசி அடித்தது. பணிமனைக் காவலாளி. "ஏம்மா, கோட்டு போட்டவங்க ஒன்பது பேரு பெட்டியோட மழையில நிக்கிறாங்க. கையில ஒரு தாளு. கீழ உங்க நம்பருதான் இருக்கு."

என் நம்பரா?

வேன் எடுத்துக்கொண்டு ஓடினேன். தாளின் தலைப்பில், 'தயாரித்தவர்' என்று என் பெயர். என் பெயர் மட்டும். தொடக்க உரை ஆற்ற வேண்டிய பேராசிரியை நனைந்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அரங்கம் போய்ச் சேர்ந்தபோது அவருடைய நேரம் முடிந்திருந்தது. எழுபது வயதிருக்கும். ஒரு வார்த்தை திட்டவில்லை அந்த அம்மா. திட்டியிருக்கலாம்.

மார்ச் 25
மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். என்னிடம் சொன்னார்: "உங்க தாளையெல்லாம் படம் எடுத்துக் காட்டி, எல்லா வேலையும் செய்றது அக்காதான், அவங்களையே நிரந்தரமாக்குங்கன்னு என்கிட்ட மல்லுக்கு நின்னது இவங்கதான். இப்ப, டைப் பண்ணும்போது நான்தான் நம்பரைத் தப்பா அடிச்சிட்டேன்னும் சொல்றாங்க."

பழியையும் அவளே ஏற்றுக்கொண்டாளா? ஏன்? இதில் என்ன உள்நோக்கம் — சீ, என்ன பிறவி நான்!

சொல்லிவிட்டேன், ஒன்றுவிடாமல்.

"வேணும்னேவாக்கா பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 7
நிரந்தரம் அவளுக்கு. என்னை வெளியே அனுப்பாததே பெரிது. அடுத்த கூட்டத்துக்கான பயணக் குறிப்பை எழுதி அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். அதிலுள்ள ஒவ்வொரு பேருந்திலும் தானே ஏறிப் பார்க்கப் போகிறாளாம், மேலாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும் முன் தன் இழுப்பறையைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.