மென்று நீட்டிய தளிர்

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஆண்டவன் அருளால் நான் நலம். நீங்களும் பாப்பாவும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இந்தக் காப்பகத்தில் இருப்பவை இலை மட்டுமே தின்னும் குரங்குகள். காட்டில் நூறுகூட மிச்சமில்லையாம். தாயில்லாத குட்டி ஒன்று என் பொறுப்பில் இருந்தது. பக்கத்துக் கூண்டுப் பெண்குரங்கு, தான் மென்ற தளிரைக் கம்பி வழியே அதற்கு நீட்டும். எச்சிலாயிற்றே என்று தினமும் பிடுங்கி எறிந்துவிட்டு, கழுவிய தளிரையே கொடுத்தேன். கிராம் கிராமாக எடை இறங்கியதை நானே நோட்டில் எழுதினேன். நேற்று செத்துவிட்டது.

"அந்த எச்சில்ல இருக்கிற கிருமிதாம்மா இலையைச் செரிக்கவைக்கும். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார் டாக்டர். திட்டவில்லை; வேலைக்கும் பயமில்லை.

பாப்பா உங்கள் தட்டில் கை வைத்தால், எச்சில் என்று நான் அடித்ததுபோல் அடிக்காதீர்கள். ஊட்டிவிடுங்கள்.

இலை வண்டி வந்துவிட்டது, போகிறேன்.