சுவரில் எழுதிய 5.76

உன் படத்துக்கு முன்னால் உன் மகன் கற்பூரம் ஏற்றினான். எரிந்து முடிந்ததும் தட்டின் நடுவில் கரி வட்டமாகப் படிந்திருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் அந்தக் கரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அதே பழைய கோபம்தான் வந்தது.

அறுபதுகளில், சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. படித்தபோது, நாமும் இப்படித்தான் கற்பூரம் ஏற்றினோம். சாமிக்கு அல்ல, ஸ்டீபன் மாறிலிக்கு. காலணா அளவு வெள்ளித் தகட்டைப் புகையில் காட்டிக் கறுப்பாக்குவேன். நீராவியில் காய்ந்த செம்புக் கிண்ணத்தை அதன்மேல் கவிழ்ப்போம். தகடு சூடேறும் வேகத்தை நான் மீட்டர் முள்ளைப் பார்த்துச் சொல்ல, நீ கடிகாரத்தைப் பார்த்து எழுதுவாய். சூடான பொருள் எவ்வளவு வெப்பத்தை வீசும் என்பதற்கு உலகம் முழுக்க ஒரே எண், 5.67. நமக்கு வந்தது 5.31.

"மச்சான், வந்தத எவன்டா எழுதுவான்? வரவேண்டியத எழுது," என்றாய். கடலூர் திரும்பும் பாசஞ்சரில் உட்கார்ந்து, விடையிலிருந்து பின்னோக்கிப் போய் அளவுகளை ஒவ்வொன்றாகத் திருத்தினாய். 5.67 அச்சாக வந்தது. நான் 5.31-ஐயே எழுதிக் கொடுத்தேன்.

சேர்ந்து செய்த சோதனைக்கு இரண்டு விடை எப்படி வரும் என்று லெக்சரர் கேட்டார். நீ கொஞ்சமும் தயங்கவில்லை.

"சார், நான் எழுதினதுதான் நெஜம். இவன் அன்னிக்கி சரியாவே பாக்கல. வூட்ல குந்திகினு இஷ்டத்துக்கு எழுதிகினு வந்துட்டான்."

என் ரெக்கார்டு நோட்டில் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்தது. என்னை எம்.எஸ்ஸி.க்குச் சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருந்தவர் அந்த லெக்சரர்தான். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. செம்மண்டலத்து வீட்டில் அப்பா, "படிக்க அனுப்பினா பொய் எழுதிகினு வரியா?" என்று கேட்டார். அவருக்கு நான் என்ன சொல்லியும் விளங்கவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு முன் சோதனைக்கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். சுவரில் இருந்த மாறிலிகளின் பட்டியலைத் திரும்ப எழுதும் வேலை, தண்டனையோடு தண்டனையாக, எனக்கு வந்தது. ஒளியின் வேகம், எலக்ட்ரானின் மின்னூட்டம் எல்லாம் ஒழுங்காக எழுதினேன். ஒரே ஒரு வரியில் 5.67-ஐ 5.76 ஆக்கினேன். அளந்து எழுதுகிறவனுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. உனக்கோ ரயில் கிளம்பும் நேரம்கூட நினைவில் நிற்காது. புத்தகம் இல்லாத இடத்தில் சுவரைத்தான் பார்ப்பாய்.

திருவந்திபுரத்து மலையேறி ஹயக்ரீவரைக் கும்பிட்டேன். படிக்கிற பிள்ளைகள் பாஸாக வேண்டிக்கொள்ளும் சாமி. நான் உனக்காக வேண்டிக்கொண்டேன், சீட்டு எடுக்கும்போது அந்தச் சோதனையே உனக்கு விழ வேண்டும் என்று. விழுந்தது.

வெளியூர்த் தேர்வாளர் உன் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"அளந்திருந்தா அஞ்சரை வந்திருக்கும், ஆறு வந்திருக்கும். இவ்ளோ சுத்தமா ஒரு தப்பு எங்கேர்ந்துப்பா வந்துச்சு?"

பிறகு சுவரைப் பார்த்தார். நீயும் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். அது யார் கையெழுத்து என்று உனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் சுவரைப் பார்த்து எழுதியதை ஒப்புக்கொள்ள வேண்டுமே! தேர்ச்சி இல்லாமல் மங்கலம்பேட்டையில் உன் மாமா கடைக்குப் போய் உட்கார்ந்தாய். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

அதன்பிறகு எத்தனையோ கல்யாணங்களில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரே ஒரு தடவை, என் மகள் கல்யாணப் பந்தியில், "எழுத்து நல்லாத்தான் மச்சான் இருந்துச்சு," என்றாய். அடுத்த வார்த்தைக்காக இலையைப் பார்த்தபடி காத்திருந்தேன். அன்று லெக்சரரிடம் பொய் சொன்னேன் என்று நீ சொல்லும் ஒரு வார்த்தை. நீ கை கழுவ எழுந்து போய்விட்டாய்.

இன்று கிளம்பும்போது உன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்பா உங்களப் பத்தி சொல்லிகினே இருப்பாரு மாமா. பொய்யே எழுதத் தெரியாத ஆளுன்னு."

பாவி, அதை என் அப்பா இருந்தபோது அவரிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

அந்தச் சிவப்புக் கோடு போட்ட தாள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. 5.31 தப்பான விடைதான், ஆனால் நாம் அளந்தது. உன் மகனுக்கு நீ சொன்னதும் முழு உண்மை இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு எண்ணைப் பொய்யாக எழுதினேன். அது உனக்காக எழுதியது. இன்னொரு சுவர் கிடைத்தாலும் அப்படியே எழுதுவேன்.