தலைவலிக்கு நேர்ந்துகொண்ட ஒருபொழுது

மார்ச் 10, திங்கள்

காலையிலேயே அனல். மாந்தோப்புப் பக்கம் கண்ணைத் திறந்து பார்க்க முடியவில்லை.

பாலக்காட்டு டாக்டர் சனிக்கிழமை சொன்னது: "எழுதி வைக்கணும், கேட்டோ. எப்ப வந்தது, எவ்வளவு நேரம், அதுக்கு முன்னால என்ன செஞ்சீங்க, என்ன சாப்பிட்டீங்க. ஒரு மாசம்." அதற்குத்தான் பாப்பாவின் பழைய நோட்டு. முதல் நாலு பக்கம் அ, ஆ. அதற்குப் பிறகு என் த.வ. (தலைவலி. ஒவ்வொரு தடவையும் முழுசாக எழுத முடியாது.)

ஊரார் சொன்ன வைத்தியம் இதுவரை: சுக்குப் பற்று. நொச்சி ஆவி. தலைக்குக் குளிக்காதே. தினமும் தலைக்குக் குளி. கண்ணாடி போடு. "ரெண்டாவது ஒண்ணு பெத்துட்டா சரியாப் போயிருமுங்க" (பக்கத்துத் தோட்டத்து அக்கா. அவருக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து).

இன்று த.வ. இல்லை. மாங்காய் அடுக்கும் கிரேட் பெட்டி எல்லாம் கழுவினேன்.

மார்ச் 11, செவ்வாய்

எட்டாவது வாரம். என் தலைவலி தீர அத்தை மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டது: பன்னிரண்டு வாரம், செவ்வாயும் வெள்ளியும் ஒருபொழுது. விளக்கு வைத்த பிறகுதான் சோறு. அத்தையும் நானும் சேர்ந்து. எனக்கு வந்த வலிக்கு அவரும் வாயைக் கட்டுகிறார். எந்த மாமியார் செய்வார்?

2.30: இடது கண் ஓரத்தில் மினுக்கம், கோணல் மாணலாக. காய் தரம் பிரிக்கும்போது பாதிக் காய் தெரியவில்லை.

3.00: இடி. வாந்தி.

பாப்பா தட்டைக் கீழே போட்டாள். அந்தச் சத்தம் மண்டைக்குள். அடித்துவிட்டேன், முதுகில், பலமாக. ஐந்து வயதுக் குழந்தை. அழவில்லை. சத்தம் கேட்டால் அம்மாவுக்கு வலிக்கும் என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். என் கை அழுகிப் போகட்டும்.

மார்ச் 12, புதன்

இருட்டறை. ஃபேன் சத்தம்கூட ஆகவில்லை. நேற்று மாத்திரை போட்டது லேட். தொடங்கும்போதே போட வேண்டுமாம். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் போடவும் கூடாதாம், போட்டால் மாத்திரையே வலியைக் கொண்டுவருமாம். நன்றாக இருக்கிறது கதை.

வெளியே லாரி. என் வீட்டுக்காரர் டிரைவரிடம்: "அவ படுத்துட்டாளுங்க. எப்பவும் போலத்தான்."

பிறகு உள்ளே வந்தார். "ஏம்புள்ள, சீசன் முடியற முட்டும் உங்கம்மா ஊட்டுல இருந்துட்டு வா. பாப்பா இங்கியே இருக்கட்டும், பள்ளிக்கூடம் கெடுமல்ல?"

"அடிச்சதுக்காங்க?"

"அதுக்கும்தான்."

 சீசன் முடிய மே ஆகும். பாப்பா இல்லாமல் அதுவரைக்கும். முடியாது.

மார்ச் 14, வெள்ளி

ஒருபொழுது. த.வ. 3.10க்கு. வாந்தி இரண்டு தடவை. அத்தை திருநீறு பூசினார். "ஆத்தா சோதிக்கறா கண்ணு. விட்றாத."

இனி ஒரு தடவை வந்தால், என்னை அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போக அண்ணனைக் கூப்பிட்டுவிடுவாராம் என் வீட்டுக்காரர்.

மார்ச் 15, சனி

தலை கனம். வலி போய்விட்டது. பால் காய்ச்சினேன், பொங்கவிட்டேன், துடைத்தேன்.

நான் படுத்த நாளெல்லாம் காய் பிரிக்க வேறு ஆள் வைத்ததை என் வீட்டுக்காரர் காலண்டரில் குறித்திருக்கிறார். பார்த்தேன். செவ்வாய். வெள்ளி. செவ்வாய். செவ்வாய். வெள்ளி. நேர்ந்துகொள்வதற்கு முன் மாதத்துக்கு இரண்டு தடவை. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று, இரண்டு.

டாக்டர் கேட்டாரே: "சாப்பாட்டை விடறதுண்டோ?" இல்லைங்க டாக்டர் என்றேன். பொய் சொல்லவில்லை. விரதத்தைப் பட்டினியில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. சாமிக்கு இருப்பது எப்படிப் பட்டினியாகும் என்று இருந்துவிட்டேன். அடி மக்குப் பெண்ணே.

இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப நாந்தான் உனக்கு வலிய இழுத்துட்டு வந்தனா?"

"அப்படிச் சொல்லலீங்க அத்தை."

"வேற எப்படிச் சொன்னே?"

முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான்.

மார்ச் 18, செவ்வாய்

8.00: கொட்டகையில், கிரேட் அடுக்குக்குப் பின்னால் நின்றபடி, இரண்டு இட்லி. மதியம் அதே இடத்தில் தயிர்ச்சோறு. என் வீட்டுச் சோற்றை நானே திருடித் தின்றேன்.

4.40: வந்துவிட்டது.

ஆனால் மினுக்கம் தெரிந்ததுமே மாத்திரை போட்டேன். வாந்தி இல்லை. எட்டு மணிக்கு எழுந்து பாப்பாவுக்குத் தோசை சுட்டேன். இரண்டு நாள் ஆட்டிவைக்கிற வலி, மூன்றரை மணி நேரத்துக்குள்! என் வீட்டுக்காரரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்.

"வந்துச்சா வரலியா? அதச் சொல்லு."

"வந்துச்சுங்க. ஆனா..."

போனை எடுத்துவிட்டார். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கார் கொண்டுவருகிறார்.

மார்ச் 20, வியாழன்

பையில்: சேலை நாலு, மாத்திரை, இந்த நோட்டு. பாப்பாவின் போட்டோ ஒன்று.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளே வந்து நின்றாள். "அம்மா, போகாத. நான் சத்தமே போட மாட்டேன்."

இதற்கு மேல் எழுத முடியாது.

மார்ச் 21, வெள்ளி

காலை 7.45. அத்தை சமையலறைக்குக் கூப்பிட்டார். ஐந்து நாள் கழித்து இன்றுதான் முகம் பார்க்கிறார். இரண்டு தட்டு, இட்லி. எதிரே உட்கார்ந்து, விரத நாளில், முதல் வாயை அவரே போட்டுக்கொண்டார். 

"தின்னு. ஆத்தா கேட்டா நாந்தான் தின்னச் சொன்னேன்னு சொல்லிக்கறேன். என்ன வந்தாலும் எனக்கு வரட்டும்."

"அத்தை, நீங்க எதுக்குங்க..."

"நான் தின்னாத்தான நீ தைரியமாத் தின்னுவே? இன்னைக்கு மட்டும் அது வராம இருக்கட்டும். கார் வேண்டாம்னு அவங்கிட்ட நாம் பேசறேன்."

தின்றேன். இரண்டு பேரும் அழுதுகொண்டே தின்றோம். மதியமும் கூடவே உட்கார்ந்தார்.

மணி 3.20. கட்டிலில் இருக்கிறேன். அத்தை நிலைப்படியில். எட்டி எட்டிப் பார்க்கிறார், கேட்கப் பயம். கழுத்தைத் திருப்ப எனக்கும் பயம்.

3.25. இன்னும் வரவில்லை.