மருந்துத் தண்ணீர்

இலோலே,
11 மார்ச் 2003

அன்பான லுசுங்குவுக்கு, உங்கள் வுமிலியா எழுதுவது.

பத்திரமாக மலை இறங்கிவிட்டேன். முழங்கால்தான் இன்னும் கோபித்துக்கொண்டிருக்கிறது. வயிற்றில் பிள்ளை இருக்கிற சேதியை என் வாயால் சொல்ல வேண்டும் என்று, உங்களைப் பார்த்து நாலு மாதம் கழித்து, மூங்கில் கள்ளுக் குடுக்கையையும் தூக்கிக்கொண்டு அருவி வரை ஏறி வந்தேன். நீங்கள் காட்டியது என்ன? ஒரு தேரை! கட்டைவிரல் நகத்தளவு இருந்துகொண்டு அதுவும் பிள்ளைத்தாச்சியாம். "பாரு வுமி, இது முட்டை போடாது, குட்டியாவே பெத்துப்போடும். வயித்துத் தோலுக்குள்ள தெரியுது பாரு!" என்று நீங்கள் குதித்ததை அம்மாவிடம் சொன்னேன். "உன் புருஷனுக்கு அங்க தனிக் குடும்பமே இருக்குடி" என்று சிரிக்கிறாள்.

தேரைகளுக்கு நோய் ஒட்டக் கூடாதென்று யார் வந்தாலும் மருந்துத் தண்ணீர்ப் பேசினில் காலை முக்கச் சொல்லும் காவலர் நீங்கள், என்னைக் கண்டதும் அதை மறந்தே போனீர்கள். எனக்குக் கணுக்கால் வரை சதுப்புச் சேறு. அப்படியே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

உங்கள் வுமி

அருவி முகாம்,
6 ஏப்ரல்

அன்பு வுமி,

தேரைகள் சாகின்றன. போன வாரம் என் பகுதியில் உயிரோடு நூற்றுப் பன்னிரண்டு எண்ணினேன். நேற்று பத்தொன்பது. பாசிமேல் காலை நீட்டிக் கிடக்கின்றன.

கீழேயிருந்து யாரோ காலில் எதையோ கொண்டுவந்திருக்கிறார்கள் என்கிறார் அதிகாரி. "யாருய்யா கால் கழுவாம உள்ள வந்தது?" என்று எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. நீ வந்ததை வருகைப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. என்னோடு காவல் பார்க்கும், கள்ளுக்காக அடிக்கடி கீழே போய்வரும் கிவெலேமேல் பழி விழுந்து, அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நீ இங்கே வந்ததை யாரிடமும் மூச்சு விடாதே. இதை அடுப்பில் போட்டுவிடு. வேலை போனால் பிரசவத்துக்கு என்ன செய்வோம்? பயமாக இருக்கிறது.

லுசுங்கு

இலோலே,
15 ஏப்ரல்

லுசுங்குவுக்கு,

மூன்று தரம் படித்தேன். அப்படியானால் அது என் காலா?

கிவெலேயின் மனைவி நேற்று மாவு கேட்டு வந்தாள். "அவரு குடிப்பாருதான், நான் இல்லங்கல. ஆனா கால் கழுவாம ஒருநாளும் உள்ள போனதில்லன்னு அடிச்சு சொல்றாரு. யாரு நம்புறா?" என்று அழுதாள். கேட்டதைவிட அதிகமாகவே போட்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போகும்போது என் வயிற்றைத் தொட்டு, நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்குத்தான் பிள்ளை முதல் தடவை அசைந்தது. உங்களுக்கு எப்படியெல்லாமோ எழுத நினைத்திருந்த சேதி இது. சொல்லிவிடுங்கள் லுசுங்கு. கெஞ்சிக் கேட்கிறேன்.

வுமி

அருவி முகாம்,
27 ஏப்ரல்

வுமி,

பிள்ளை பிறக்கட்டும், பிறகு சொல்கிறேன். உன் காலிலிருந்துதான் வந்தது என்று யார் கண்டது?

இன்று மிச்சம் ஏழு. அதில் மூன்று பிள்ளைத்தாச்சி. எல்லாவற்றையும் பெட்டியில் கொண்டுபோய் வேறிடத்தில் வளர்க்கப் போகிறார்கள். வந்தது நோயா, அருவித் தண்ணீரில் கலந்த தோட்டத்துப் பூச்சிமருந்தா என்று தெரியாமல் எதற்கு வைத்தியம் பார்ப்பது என்று அதிகாரி தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

தூக்கம் வருவதில்லை.

லுசுங்கு

இலோலே,
4 மே

அன்பான லுசுங்குவுக்கு,

உங்கள் ஏப்ரல் ஆறாம் தேதிக் கடிதத்தை நான் அடுப்பில் போடவில்லை. போன வாரம் டவுன் அலுவலகத்துக்குப் போய் அதிகாரியின் மேசைமேல் வைத்தேன். "எழுத்து என் புருஷனோடது, காலு என்னோடது" என்றேன்.

அவர் திட்டவில்லை. நான் நடந்த வழியைக் காட்டச் சொல்லி, சதுப்பில் சேறு அள்ளிக்கொண்டு போனார்கள். நோய்தான் என்று நேற்று ஆள் அனுப்பிச் சொன்னார். மருந்து போட ஆரம்பித்துவிட்டார்களாம். உயிரோடு இருக்கும் தேரை ஐந்து.

கிவெலேயைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு இனி அங்கே வேலை இல்லை. இதை வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது என்றுதான் நானே எழுதுகிறேன்.

என்மேல் ஆத்திரமாக இருக்கும். இருக்கட்டும், அதோடேயே இறங்கி வாருங்கள். முதலில் கிவெலே வீட்டுக்குப் போங்கள். அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு இங்கே வாருங்கள். வாசலில் பேசின் நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறேன். காலைக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள்.

வுமிலியா