கொரியாப் பாம்பு வந்த வாரம்

10-6-69, செவ்வாய்

காலை ஏழுக்கே வெயில். குழாயில் காற்றுதான். அடுத்த வீட்டுப் பாக்கியத்தின் கிணற்றிலிருந்து இரண்டு குடம், அடியில் சேறு.

இவர் பேசாமல் இருக்கத் தொடங்கி இன்று 23ஆம் நாள். திருச்சி டாக்டர் சொன்னது முப்பது நாள், கிசுகிசுக்கக் கூடாது. மீறினால் ஆபரேஷன். அதற்குப் பிறகு குரல் எப்படி இருக்கும் என்று டாக்டரே சொல்லவில்லை. பதினெட்டு வருஷம் டெண்ட் கொட்டகையில் இங்கிலீஷ் படங்களுக்கு மைக்கில் தமிழில் கதை சொன்ன தொண்டை. கீரனூரில் இவர் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். குரல் தெரியாதவர் இல்லை.

ஸ்லேட்டில் இன்று எழுதியவை: "உப்பு." "விசிறி." "கதவைத் திறந்து வைத்தது யார்." கேள்விக்குறி போடுவதே இல்லை.

செய்ய: 8ஆம் வகுப்பு நோட்டு 42. மண்ணெண்ணெய். குடைக்கம்பி.

12-6, வியாழன்

கொட்டகை முதலாளி ஆள் அனுப்பினார். நாளை முதல் மூன்று நாள் ஒரு கொரியா தேசத்துப் படம், பேச்சு இங்கிலீஷில். டிக்கெட் கிழிக்கும் காத்தமுத்து மைக்கில் வாசிப்பானாம். எழுதித் தர வேண்டியது நான். பி.ஏ. படித்ததற்குத் தண்டனை.

படத்தோடு வந்த நோட்டீஸைப் படித்தேன். அந்த ஊர்ப் பழங்கதை. ஏரிக்கடியில் ஒரு பெரிய பாம்பு ஆயிரம் வருஷம் காத்திருக்கிறது. மேலே வரும் நாளில் அதை முதலில் பார்க்கிறவன் 'நீ வானத்துக்குரியவன்' என்று சொன்னால், மழையைக் கூட்டிக்கொண்டு வானத்துக்குப் போய்விடும். 'ஐயோ பாம்பு' என்றால் மறுபடி ஆயிரம் வருஷம் நீருக்குள். படத்தில் ஒரு சிப்பாய் சுட்டே விடுகிறான். அது கோபத்தில் பட்டணத்தை நொறுக்குகிறது. கடைசியில் எரித்துக் கொல்கிறார்கள்.

நோட்டுத் திருத்துவதை விட்டு ஒன்பது பக்கம் எழுதினேன். இவர் வாங்கிப் படித்துப் பாதியை அடித்தார். ஸ்லேட்: "இது பாடம். கதை இல்லை."

கோபம் வந்தது. சொன்னது சரிதான்.

13-6, வெள்ளி

முதல் ஆட்டம். காத்தமுத்து ரேஷன் கடைப் பட்டியல் மாதிரி வாசித்தான். மணல்தரையிலிருந்து சத்தம்: "காத்தா, ஒன்னையப் பாம்பு கடிச்சிருச்சாடா?" "அண்ணன் எங்கப்பா? அண்ணனக் கூப்பிடுங்க." இவர் மெஷின் ரூம் பக்கத்தில் ஸ்டூலில். உதடு மட்டும் அசைந்தது. ஒவ்வொரு வரிக்கும்.

எரிக்கிற இடத்தில் பெண்கள் பக்கம் மூச்சில்லை. வெளியே வரும்போது யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு இடுப்பு வலி.

14-6, சனி

பள்ளி அரை நாள். திரும்பி வந்தால் வாசலில் பாக்கியம், கையில் பால் சொம்பு.

"வாங்க டீச்சர், கொட்டகை வரைக்கும் போயிட்டு வருவம்."

"எதுக்கு?"

"நல்லபாம்பு அடிபட்டுச் செத்தா பால் ஊத்திப் பொதைக்கணும்ல. முந்நூறு பேரு பாத்துக்கிட்டு இருந்திருக்கோம். அதுவும் கம்மா காஞ்சு கெடக்கிற வருசத்துல."

அது ரப்பர், உள்ளே ஓர் ஆள் நின்று ஆட்டுகிறான் என்றேன்.

"ரப்பரா இருந்தா என்ன டீச்சர். சாமி கல்லாத்தான இருக்கு."

போனேன். ஆறு பெண்கள். திரைக்குக் கீழே மணலைத் தோண்டிப் பால் ஊற்றி, ஒரு காசு போட்டு மூடினார்கள். ஒருத்தி அழுதாள், நிஜமாகவே. முதலாளிக்குச் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. இன்று மாலை ஆட்டத்துக்குப் பெண்கள் பக்கம் காலி. அதனால் நாளை, எரிக்கிற கடைசி ரீலை ஓட்டுவதில்லை என்று முடிவு. நாளைக்கு வருகிறோம் என்று பாக்கியம் வாக்குக் கொடுத்தாள்.

காத்தமுத்து: "முடிவே இல்லாம நான் என்னத்தக்கா வாசிக்க?"

எழுதித் தருகிறேன் என்றேன்.

தலைவலி. எழுதவில்லை.

15-6, ஞாயிறு

காலையிலும் எழுதவில்லை. துணி ஒரு மூட்டை, தண்ணீருக்கு இரண்டு நடை. மறந்தேன் என்று சொல்ல முடியாது.

மாலை ஆட்டம். சிப்பாய்கள் பாம்பைச் சுற்றி வளைக்கிறார்கள். அத்தோடு படம் நின்று விளக்குப் போட்டுவிட்டார்கள். காத்தமுத்து கையில் காகிதம் இல்லை, வாய் திறந்தபடி. விசில். "முடிவக் காட்டுங்கடா." யாரோ மணலை அள்ளித் திரையில் எறிந்தான். நாற்காலி உருட்டுகிற சத்தம்.

இவர் எழுந்தார். காத்தமுத்து கையிலிருந்து மைக்கை வாங்கினார். கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தெரிந்தது, அவ்வளவு தூரத்திலிருந்து. 28ஆம் நாள்.

பெண்கள் பக்கத் தடுப்புச் சுவரைத் தாண்டி எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. மைக்கைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்பதுதான் சரியான சொல். அவர் உடனே விடவில்லை.

பேசினேன். சுட்ட சிப்பாயின் ஆத்தா அந்தக் கூட்டத்தில் இருந்தாள் என்றேன். அவள்தான் முன்னால் வந்து, நீ வானத்துக்குரியவன், போயிட்டு வா என்று சொன்னாள். அது போய்விட்டது. போகிற வழியெல்லாம் மழை. ஏரி நிறைந்து கலிங்கில் வழிந்தது.

"அந்த மழைய இங்கிட்டுக் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்க டீச்சர்" என்றார் ஒருவர். சிரித்தார்கள். மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

வெளியே எங்களுக்கு முன்னால் போன இரண்டு பேர்: "அண்ணன விட இந்தம்மா கதை தெளிவா இருக்குடா."

இவருக்கும் கேட்டது. நடையைக் கூட்டினார்.

16-6, திங்கள்

ஸ்லேட் காலி. உப்புக்குக் கூட எழுதவில்லை. ரசத்தில் உப்பு இல்லை, அப்படியே சாப்பிட்டார்.

தலைமையாசிரியர் அறையில்: "மைக்கெல்லாம் எடுத்தீங்களாமே." பாராட்டா, ஏச்சா. தெரியவில்லை.

அவர் தொண்டையைக் காப்பாற்றத்தான் பிடுங்கினேன். இதை அவரிடம் சொல்லலாம். ஆனால் இந்த நோட்டில் இன்னொன்றும் எழுத வேண்டும். அந்த ஐந்து நிமிஷம் எனக்கு நன்றாக இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக வகுப்பில் பேசுகிறேன், அப்படி ஒரு அமைதி கிடைத்ததில்லை.

முதலாளி மறுபடி ஆள் அனுப்பினார். அடுத்த இங்கிலீஷ் படத்துக்கும் டீச்சரே பேசட்டுமாம். முடியாது என்று நான் சொன்னதை இவர் கேட்டாரா என்று தெரியாது. கிணற்றடியில் இருந்தார்.

17-6, செவ்வாய்

மேகம் வந்தது, போனது. நோட்டு இன்னும் 19. லீவு எழுதிக் கொடுத்தேன்.

18-6, புதன்

முதல் பஸ்ஸில் திருச்சி. இரண்டு மணி நேரம் பெஞ்சில். டாக்டர் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். வீக்கம் வடிந்துவிட்டது, ஆபரேஷன் தேவையில்லை.

"இனிப் பேசலாம் சார், மெதுவா. ஏதாவது சொல்லுங்க, கேப்போம்."

இவர் தலையாட்டினார், மாட்டேன் என்று. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் காலண்டரைப் பார்த்தேன்.

காப்பி, பேச்சில்லாமல். மாத்திரை, பேச்சில்லாமல். மூன்று நாளாக நானும் இவரிடம் பேசவில்லை என்பது பஸ் ஸ்டாண்டில்தான் உறைத்தது.

பஸ்ஸில் கூட்டம். நின்றோம். கண்டக்டர் தலைகளுக்கு மேல் கையை நீட்டி, "எங்க போகணும்?"

"கீரனூர், ரெண்டு."

உமியை மிதித்த மாதிரி ஒரு குரல். யாரோ என்று திரும்பினேன்.

கண்டக்டருக்குக் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "எத்தனைம்மா?" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி இவர்தான் சொன்னார். "ரெண்டு."