ஊர்ச்சபையில் பாய்ந்த கால்

ஆக்லாந்தில் பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும் என் மகாராணிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நேற்று நம் தீவு ஊர்ச்சபையில் தலைவர் ஃபுய்மாவோனோவை உதைத்துவிட்டேன். அங்கே காலை நீட்டினாலே அபராதம். நானோ அவர் முழங்காலிலேயே பதித்தேன்.

சம்மணமிட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வதுபோல இருந்தது, அடக்கப் பார்த்தேன், கால் தானாகவே பாய்ந்துவிட்டது.

“ஏம்ப்பா, என் பேச்சு பிடிக்கலைன்னா வாயால சொல்லக்கூடாதா?”

“தைராய்டுங்க ஐயா. ரத்தத்துல குறைஞ்சிருக்காம். அதான் கால் இப்படிப் படுத்துதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

“அது கழுத்துலதானே இருக்கு? கால்ல அதுக்கென்ன வேலை?”

சபையே குலுங்கிச் சிரித்தது. ஒரு பன்றி அபராதம் அரைப் பன்றியானது. இனிமேல் நான் மட்டும் காலை நீட்டி, மேலே பாய் போட்டு மூடிக்கொள்ளலாமாம். பிணத்துக்குக் கிடைக்கும் மரியாதை எனக்கு இப்போதே!

கவலைப்படாதே. விடியலில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு, டாக்டரம்மா சொன்னபடி ஒரு மணி நேரம் கழித்துக் கொக்கோ குடிக்கப் பொறுமையாகக் காத்திருக்கிறேன். கால் சாதுவாகிவிட்டது. நம் மகள் திரேசாவுக்கு உடம்பு தேறும்வரை நீ அவளோடு இரு. என் காலைப் பிடித்துவிடவென்று விமானம் ஏறிவிடாதே.

உன் கிழவன்

பி.கு.: இதை முழுக்க நின்றுகொண்டுதான் எழுதினேன்.