ஓமத்தண்ணீர் பாட்டில்

தாராவி, 12-8-1964

வீம்பு பிடித்தவளுக்கு,

செவ்வாய்தோறும் தொண்டைக்குள் ரப்பர் குழாய் விடாவிட்டால், புண் ஆறும்போது உணவுக்குழல் சுருங்கி அடைத்துவிடும் என்று டாக்டர் எத்தனை தடவை சொல்லிவிட்டார்! நேற்றும் தட்டிவிட்டாயாம். நர்ஸ் என்னைப் பிடித்து ஏசுகிறாள். வயிற்றில் துளை போட்டுக் கஞ்சி ஊற்றியே காலத்தைத் தள்ளப்போகிறாயா?

உன்னைச் சொல்லி என்ன?

சவுக்காரப் பட்டறையில் கையில் காஸ்டிக் சோடாத் தண்ணீர் தெறித்தால் புளித்தண்ணீர் விட்டுத்தானே கழுவுகிறோம். அதைக் குடித்துவிட்டு நீ துடித்தபோதும் அதே நினைப்பில் புளித்தண்ணீரை ஊற்றி, விரலை விட்டு வாந்தி எடுக்கவைத்தேன். "உள்ள போகும்போது வெந்த எடத்த, வெளிய வரும்போதும் வேகவச்சிட்டீரேய்யா" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நாந்தான் பாட்டில மாத்தி எடுத்துட்டேன்" என்று அந்தத் தொண்டையோடு எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறாய். பேராச்சி மதினிகூட நம்பிவிட்டாள்.

நீ மாற்றி எடுக்கவில்லை. காலியாகக் கிடந்த உன் ஓமத்தண்ணீர் பாட்டிலில் யோசிக்காமல் காஸ்டிக்கை ஊற்றி, அதே அலமாரியில் வைத்தவன் நான். இன்று டாக்டரிடமும் மதினியிடமும் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என்னை வாயாரத் திட்டு. அதற்காவது குழாயை விழுங்கு.

இப்படிக்கு,
உன் புத்திகெட்ட புருஷன்